பச்சைப் பட்டையை யார் தருவது

ஷிஹோவை ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், ஹிசாயே திருதிருவென்று முழித்திருப்பாள். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. வேலையில் சுட்டி, பேச்சில் பணிவு, ஊருக்குப் போய்விட்டு வந்தால் எல்லா மேஜையிலும் பிஸ்கட் வைப்பாள். எரிச்சலே அதுதான். கோபப்பட ஒரு சாக்காவது கொடுக்க வேண்டாமா மனுஷி?

ஷிஹோ வருவதற்கு முன்னால் புதன்கிழமைகள் ஹிசாயேவுக்கும் மினேகோவுக்கும் மட்டுமே சொந்தம். இருவரும் ஒசாகாவில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஹிசாயே கணக்குப் பிரிவு, மினேகோ விற்பனைப் பிரிவு. புதன்கிழமை வேலை முடிந்ததும் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள பொதுக் குளியல் கூடத்தில் பைகளை வைத்துவிட்டு, அகழியைச் சுற்றி ஓடுவார்கள். திரும்பி வந்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து, அலுவலகத்தில் ஒருவரையும் விடாமல் வாயாரத் திட்டுவார்கள். அப்புறம் எதிர்க் கடையில் மாவில் தோய்த்துப் பொரித்த குச்சிக் கறியும் பீரும். ஹிசாயேவின் கணவர் வேலை மாற்றலாகி ஹிரோஷிமாவில் இருந்தார். மாதம் ஒருமுறை அழுக்குத் துணி மூட்டையோடு வருவார், துவைத்த துணியோடு போவார். புதன்கிழமை மட்டும் இல்லையென்றால் ஹிசாயே வாய்விட்டுச் சிரித்து வருஷக்கணக்காகியிருக்கும்.

இலையுதிர் காலத்தில் சப்போரோ கிளையிலிருந்து மாற்றலாகி வந்தாள் ஷிஹோ. கல்லூரியில் ஓட்டக்காரியாம். மினேகோவுக்குத்தான் யாரையாவது தனியாகப் பார்த்தால் மனசு தாங்காதே.

"பாவம்டி, ஊருக்குப் புதுசு. புதன்கிழமை அவளையும் கூட்டிட்டு வரேன். உனக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன வந்துச்சு? தாராளமா வரட்டும்" என்றாள் ஹிசாயே. சொன்ன வாயைத் தைக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தாள்.

அகழிப் பாதையில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் ஓட முடியாது. எதிரே சைக்கிள் வரும், நாயைக் கூட்டிக்கொண்டு ஆள் வரும். இரண்டு பேர் முன்னால் போனால் ஒருத்தி பின்னால் போக வேண்டும். அந்த ஒருத்தி யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டே ஓடினாள் ஹிசாயே. முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும், எதற்கென்று தெரியாது. "என்ன? என்ன சொன்னே?" என்று ஒரு தடவை மூச்சிரைக்கக் கேட்டாள். "ஒண்ணுமில்லடி, அப்புறம் சொல்றேன்" என்றாள் மினேகோ. அப்புறம் சொல்லவே இல்லை.

கூப்பிடுவதில் வேறு ஒரு குத்தல் இருந்தது. மினேகோவை அவள் குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஹிசாயேவுக்கு வருஷங்கள் பிடித்தன. இந்தப் பெண் வந்த சூட்டோடு, பெயரைப் பாதியாக வெட்டி மரியாதைக்கு ஒரு "சான்" ஒட்டி, "மினேசான், மினேசான்" என்று குழைகிறாள். மினேகோவும் "என்னம்மா" என்கிறாள். ஹிசாயேவுக்கு வயிறு எரிந்தது. வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டும் எரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். தொடர் ஓட்டத்தில் கை வைத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நடக்கும் அந்தத் தொடர் ஓட்டத்தில் கம்பெனிகள், கடைகள், குடும்பங்கள் என்று யார் வேண்டுமானாலும் ஓடலாம். அணிக்கு நான்கு பேர். தோளில் குறுக்காகப் போட்ட துணிப்பட்டையை ஒருவர் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய பட்டை பச்சை. கம்பெனியின் பழைய சீருடையைக் கிழித்து மினேகோவும் ஹிசாயேவும் உட்கார்ந்து தைத்தது. எல்லா வருஷமும் மூன்றாம் கட்டம் மினேகோ, கடைசிக் கட்டம் ஹிசாயே. மினேகோ வேர்க்க விறுவிறுக்க வந்து, பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நீட்டி, "போடி என் ராசாத்தி!" என்று கத்துவாள். அதற்காகவே ஹிசாயே வருஷம் முழுக்க ஓடினாள் என்றுகூடச் சொல்லலாம். முடிந்ததும் பட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வைப்பதும் அவள்தான்.

இந்த வருஷம் மினேகோ வரிசையை மாற்றினாள். முதலில் பிரிவுத் தலைவர் குபோத்தா, இரண்டாவது மினேகோ, மூன்றாவது ஷிஹோ, கடைசி ஹிசாயே.

"மூணாவதுதான் நீளம். போன வருஷம் நான் தட்டுத் தடுமாறி வந்தேன், மயிரிழையில தப்பிச்சோம். மறந்துட்டியா?" என்றாள் மினேகோ.

மறக்கவில்லை. பட்டை கைமாறும் கடைசி நிலையத்தில் உச்சிப்பொழுதுக்குத் துப்பாக்கி வெடிப்பார்கள். அதுவரை பட்டை வராத அணிகளின் ஆட்கள் வெள்ளைப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஒன்றாகக் கிளம்ப வேண்டும். சாலையை ரொம்ப நேரம் அடைத்து வைக்க முடியாதல்லவா? ஓட்டம் செல்லும், ஆனால் பட்டை அறுந்த அணி என்று பெயர் வந்துவிடும். பச்சைப் பட்டை இதுவரை ஒரு வருஷம்கூட அறுந்ததில்லை.

"சரி, உன் இஷ்டம்" என்றாள் ஹிசாயே. அப்படிச் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். அதுகூடத் தெரியாதா மினேகோவுக்கு என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை வருஷக் கடைசி விருந்து. தரையில் உட்கார்ந்து, கொதிக்கும் சட்டியிலிருந்து எல்லோரும் அள்ளிச் சாப்பிட்டார்கள். மினேகோ பக்கத்தில் ஹிசாயே உட்காரும் இடத்தில் ஷிஹோ இருந்தாள். குபோத்தா இரண்டு பீரிலேயே சிவந்துபோய், "இந்த வருஷம் நம்ம பொண்ணு ஷிஹோ இருக்கா, இனி கவலையில்லை! ஹிசாயேசான் நிதானமா நடந்தே வரலாம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மினேகோவும் சிரித்தாள். ஹிசாயே சட்டியில் இருந்த முட்டைக்கோஸைத் தேடித் தேடிப் பிடித்தாள்.

விருந்து முடிந்து தெருவில் நின்றபோது மினேகோ அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, அடுத்த சுற்று பாட்டுக்கடையில. நீ பாடாம எப்படி?"

"தலை வலிக்குது."

"வலிக்குதா, இல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியா?"

"வலிக்குதுன்னா வலிக்குது. நீ போ. அதான் கூட ஆள் இருக்கே."

மினேகோ அவள் கையை விட்டாள். பின்னாலிருந்து ஷிஹோ கூப்பிட்டதும் போய்விட்டாள்.

முதல் விருந்தில் எல்லோரும் முதலாளி பேச்சுக்குக் கை தட்டுவார்கள், அவ்வளவுதான். நிஜமான பேச்சு, நிஜமான முடிவு எல்லாம் இரண்டாவது சுற்றில்தான். பதவி உயர்வே அங்கேதான் முடிவாகும். இத்தனை வருஷம் வேலை பார்த்த ஹிசாயேவுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயிலேறினாள். கைபேசியில் ஓட்டக் குழுவின் செய்திகள் டிங் டிங் என்று வர ஆரம்பித்தன. நாலு பேர் மைக்கைப் பிடித்துப் பாடும் படத்தை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று சத்தத்தை அடைத்து, குழுவையும் மறைத்து வைத்தாள்.

சனிக்கிழமை புது வருஷத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்தாள். சமையலறைப் புகைபோக்கி விசிறியில் ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. அதைச் சுரண்டச் சுரண்ட ஷிஹோவையே சுரண்டுகிற மாதிரி ஓர் ஆத்திரம். கைபேசி அடித்தது. மினேகோ. கையில் சோப்பு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையைக் கழுவிய பிறகு மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. கொஞ்சம் அலையட்டுமே என்று நினைத்தாள். அப்புறம் அடிக்கவில்லை, அதற்கும் வருத்தப்பட்டாள்.

ஞாயிறு காலை நேராகக் கடைசி நிலையத்துக்குப் போனாள். மற்ற மூவரும் அவரவர் நிலையத்துக்குப் போயிருப்பார்கள். பையையும் கைபேசியையும் முடிவிடத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டு, ஆற்றுக் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றாள். சிவப்புப் பயறுப் பாயசம் ஊற்றிக் கொடுக்கும் கூடாரத்தில் நீராவி பறந்தது.

அணிகள் ஒவ்வொன்றாக வந்தன. தூரத்தில் ஆள் தெரிந்ததும் ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்வார்கள், அந்த எண்ணுக்காரர் பட்டை வாங்கும் கோட்டுக்கு ஓடுவார். கொடுத்தவர் சுருண்டு விழுவார், வாங்கியவர் பறப்பார். இவர்களுடைய எழுபத்தொன்று வரவில்லை. இந்நேரம் முதல் ஆளாக வந்திருக்க வேண்டுமே, சப்போரோ மகாராணி? ஹிசாயேவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அப்படியொன்றும் பெரிய ஓட்டக்காரி இல்லை போலிருக்கிறது.

நேரம் ஆக ஆக அதுவே பயமாக மாறியது. கோட்டருகே ஒருவர் வெள்ளைப் பட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒலிபெருக்கி சொன்னது: "எழுபத்தொன்று!"

அப்பாடா! ஹிசாயே இரண்டு அடி வைத்தாள். துப்பாக்கிக்காரர் இன்னும் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறது.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. எங்கிருந்து வந்ததோ, பாழாய்ப்போன புத்தி! பட்டையை நீட்டிக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நிற்பதைப் போல ஓர் அவமானம் இந்த ஓட்டத்தில் கிடையாது. ஊரே பார்க்கும். நிற்கட்டும் அவள். ஒரே ஒரு நிமிஷம், இரண்டு முதுகுகளுக்குப் பின்னால் நிற்கும் ஆளாக அவளும் நின்று பார்க்கட்டும். கழிப்பறை வரிசை நீளம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஹிசாயே பாயசக் கூடாரத்தின் பின்னால் போய் நின்றாள்.

"எழுபத்தொன்று! எழுபத்தொன்று ஆள் எங்கே?"

காலடிச் சத்தம் வந்து நின்றது. "ஐயோ, ஆளைக் காணோமே" என்று யாரோ ஒரு பெண்மணி உச்சுக்கொட்டினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"ஹிசா! ஏய் ஹிசா! எங்கடி இருக்கே?"

அவளை ஹிசா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு.

கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. யாருடைய பாயசமோ கொட்டியது. கோட்டில் மினேகோ நின்றாள். முகமெல்லாம் வேர்வை, பச்சைப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நீட்டியபடி. ஹிசாயேவைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. "போடி என்—"

துப்பாக்கி வெடித்தது.

ஹிசாயே கையை நீட்டினாள். எட்டியிருக்கும். அதற்குள் அதிகாரி குறுக்கே வந்துவிட்டார். "மன்னிக்கணும்மா, நேரம் முடிஞ்சுபோச்சு" என்று வெள்ளைப் பட்டையை அவள் தலைவழியாக மாட்டி முதுகைத் தட்டினார். மற்றவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். அவளும் ஓடினாள், வேறென்ன செய்ய முடியும்? திரும்பிப் பார்த்தபோது மினேகோ கையைக் கீழே இறக்கவே இல்லை. அப்படியே நின்றாள்.

முடிவிடத்தில் குபோத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். ஷிஹோ தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போயிட்டே நீ?" என்றார் குபோத்தா. "பாட்டுக்கடையில இந்தப் பொண்ணுதான் ஒரே பிடிவாதம். 'ஹிசாயேசான் மினேசான் கையால வாங்கினாத்தான் அழகு, என்னை ரெண்டாவதுல போடுங்க, நான் நேரத்தைப் பிடிச்சுக் குடுக்கிறேன்'னு. குழுவில போட்டோமே, பார்க்கலியா? சொன்ன மாதிரியே பிடிச்சும் குடுத்தா!"

ஹிசாயே இழுத்தாள்: "நான்... அங்க..."

"கழிப்பறையில நீளமான வரிசை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மினேகோ பேருந்திலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்தாள். "பெண்கள் பக்கம் எப்பவும் அப்படித்தானே. போங்க தலைவரே, சூடா ஏதாவது வாங்கிட்டு வாங்க."

குபோத்தா போனார். மினேகோ ஹிசாயேவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"கூடாரத்துக்கு அடியில ஷூ தெரிஞ்சுதுடி, யாரோன்னு நினைச்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த மஞ்சள் லேஸ் நான் வாங்கிக் குடுத்தது."

"மினே, நீதான் வரேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது!"

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எனக்கு நீ அப்படிச் செய்ய மாட்டே." மினேகோவின் குரல் உயரவே இல்லை. "அவளுக்குச் செய்வே. வழியெல்லாம் அதையேதான் நினைச்சிட்டு வந்தேன்."

ஹிசாயே தலையைக் குனிந்துகொண்டாள். பட்டைக்காகக் கையை நீட்டினாள். வழக்கமாக அவள்தானே துவைப்பாள். மினேகோ அதை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அவ தன்னாலதான் போச்சுன்னு அழுதுட்டிருக்கா. நான் சொன்ன பொய் தலைவருக்குப் போதும். அவளுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஹிசாயே நடந்தாள். ஷிஹோ அவளைக் கண்டதும் எழுந்து நின்று, இடுப்புவரை குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க ஹிசாயேசான். நான் வாயை வச்சிட்டுச் சும்மா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. நான் மூணாவதுல ஓடி வந்திருந்தா, நேரத்துக்கு உங்க கையில குடுத்திருப்பேன்."

"இல்லம்மா" என்றாள் ஹிசாயே. வெள்ளைப் பட்டை இன்னும் அவள் கழுத்திலேயே கிடந்தது. "நீ ஓடி வந்திருந்தாலும் நான் அங்க நின்னிருக்க மாட்டேன்."

ஷிஹோ மெல்ல நிமிர்ந்தாள்.