சாம்பலில் கொஞ்சம் நீலம்

1

இந்தக் கதை எங்கள் பிளாக்கின் கொடிக்கயிற்றில் கிடைத்தது. துணி காயப்போடும் முன் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்த தமயந்தி, "ஒரு வாரமா சாம்பல் கலர்தான் தேடிக்கிட்டிருக்கேன் சார்" என்றாள். நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு சாம்பலைத் தேடுவதா? சிரித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "உயர்ந்த புகைபோக்கிகள் வானத்தை நோக்கி…"

வேண்டாம். இந்த ஊரைப் பற்றிய எல்லாக் கட்டுரையும் இப்படித்தான் தொடங்குகிறது. நானே இரண்டு எழுதியிருக்கிறேன்.

2

தமயந்தி வீட்டிலிருந்தபடியே இணையதளம் வடிவமைப்பவள். முதல் வாடிக்கையாளர், பண்ருட்டி முந்திரி வியாபாரி அமிர்தம். அவருக்குப் பிடித்தால் அவர் தெருக் கடைகளெல்லாம் இவளிடம் வரும்.

(வெறும் சாம்பல் திரையில் சோர்ந்து தெரியும், அதனால் துளி நீலமோ பழுப்போ கலப்பார்கள். இந்த அடைப்புக்குறியை நீக்கிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.)

பருப்புப் படங்களுக்குப் பின்னணியாக வைத்த எந்தச் சாம்பலும் தமயந்திக்குப் பழுப்பாகவே தெரிந்தது. நீலத்தைக் கூட்டிக் கூட்டி, திருப்தியானதும் அனுப்பினாள். அமிர்தம் உடனே கூப்பிட்டார்.

"ஏம்மா, எம் பருப்பு மஞ்சக்காமாலை வந்த மாதிரி கெடக்குது? பாக்கறவங்க பழைய சரக்குன்னு நெனச்சிக்கினு போயிடுவாங்க."

"என் ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருக்குங்கக்கா?"

"அப்ப உன் ஸ்கிரீனத் தூக்கிக்கினு வூடு வூடா போய்க் காட்டு! நாளைக்குள்ள சரியாவல, வேற ஆளப் பாத்துக்குவேன்."

3

இனி கணவன் கருணாகரன். சுரங்கத்தில் வேலை. அவன் வாயில் ஒரு ஞான வசனம் வைத்தேன்: "நிறம் என்பது…"

அடித்துவிட்டேன். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல், அணைந்திருந்த திரையின் தூசியில் விரலால் "சாப்டு" என்று எழுதிவிட்டுப் போனான். அவ்வளவுதான் செய்தான்.

தமயந்தி திரையைப் போட்டாள். எழுத்துகளுக்குள் மட்டும் சாம்பல், அப்பட்டமான நீலமாக இருந்தது. வெளியே, அவள் ஒரு வாரம் நம்பிய நிறம். அமிர்தத்தின் போனில் அந்த நீலத்துக்குப் பக்கத்தில்தான் பருப்பு மஞ்சளடித்திருக்கிறது. கொடிக்கயிற்றைத் தினமும் துடைக்கிறவள் திரையைத் துடைக்கவே இல்லை.

போன் செய்தாள். "இவ்ளோ தூசி இருக்குன்னு தெரிஞ்சும் தொடைக்காம எழுதிட்டுப் போயிருக்கீங்க?"

"தொடச்சா எங்கடி எழுதுறது?"

4

முடிவு: நீலத்தைக் குறைத்து, துளி பழுப்பு சேர்த்து மறுபடி அனுப்பினாள். அமிர்தம் போனை முந்தானையில் துடைத்துவிட்டு, கடைப் பருப்பை ஒரு கை அள்ளி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு…

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில்கூட அமிர்தத்தின் குரல் வரவில்லை. அவரை உங்களுக்கும் இப்போது தெரியும், நீங்களே சொல்லுங்கள்.

நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். தமயந்தியின் திரை பளிச்சென்றிருந்தது, கீழ் மூலையைத் தவிர. அங்கே தூசியை விட்டுவைத்திருந்தாள், ஒரு வார்த்தை எழுதும் அளவுக்கு.