ஆறாவது பாட்டின் நடுவில் ஒரு மௌனம்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. பாராட்டு எனக்கல்ல. எங்கள் வட்டாரப் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதும் ஒருவர், ‘சால்ட் ஷிஃப்ட்’ என்ற இளைஞர் குழுவின் முதல் இசைத்தட்டைப் பற்றி எழுதியிருந்தார். “நம்பிக்கையூட்டும் தொடக்கம்” என்று ஆரம்பித்து, வழக்கமான நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, ஆறாவது பாட்டுக்கு வந்ததும் மனிதர் உருகிவிட்டார். அந்தப் பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுபோகின்றனவாம். இந்தச் சின்ன வயதில் இவ்வளவு துணிச்சலான மௌனம் எப்படி வாய்த்தது என்று வியந்திருந்தார்.

நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்த மௌனத்தில் முன்பு ஓர் ஆள் குடியிருந்தார். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “எங்கள் கிரிங்கிலாவில் துணி காயப்போடுகிறவர்கள் மேகத்தைப் பார்ப்பதில்லை, இரும்பாலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான்…”

வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்று பக்கம் புகையைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பேன்.

அடுத்தது: “பில்லிக்குக் கத்தத் தெரியும்.”

இது நிற்கும்போல் இருக்கிறது. முழுப் பெயர் பில்யானா நௌமொவ்ஸ்கா. பகலில் மருந்துக்கடையில் வேலை. அங்கே அவள் பேசுவது எதிரே நிற்பவருக்கே கேட்காது, “என்னம்மா?” என்று இரண்டு தடவை கேட்டுத்தான் மாத்திரை வாங்க வேண்டும். அதே பெண் மைக்கைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் வரும்.* அந்தக் கத்தல் அப்படியே வளைந்து பாட்டாகும், பாட்டு மறுபடி கத்தலாகும்.

(* இந்த வகை இசைக்குப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர். முதல்தடவை கேட்டபோது, யாரோ கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டார்கள் என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஒரு மாதம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட பிறகு கத்தலுக்குள் சொற்கள் கேட்கத் தொடங்கின. அதன்பின் என்னால் அதை விட முடியவில்லை.)

இனிக் கதையைப் பில்லியின் பக்கத்திலேயே நின்று சொல்லப் பார்க்கிறேன். நான் அவ்வப்போது தலை நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் அந்த இசைத்தட்டில் இருக்கிறேன்.

3

அவளுடைய அப்பா ஸ்டோயான்தான் என்னைப் படுத்துகிறார். காகிதத்தில் எழுதினால் எல்லாருக்கும் தெரிந்த ஆளாகிவிடுகிறார்: இரும்பாலைத் தொழிலாளி, மகளின் இசை பிடிக்காது, கடைசியில் மனம் மாறுவார். இப்படி ஓர் அப்பாவை உங்களிடம் கொண்டுவந்தால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள், விடவும் கூடாது.

ஆனால் உண்மையான ஸ்டோயான் இந்தச் சட்டைக்குள் அடங்கமாட்டார். குழு பயிற்சி செய்யத் தன் கார் கொட்டகையைக் கொடுத்ததே அவர்தான். சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளம் அடித்துக் கொடுத்தவரும் அவரே. குடைமிளகாய்ச் சமயத்தில் மட்டும் கொட்டகை அவருக்கு. மூட்டை மூட்டையாக வாங்கிச் சுட்டுத் தோலுரித்து, வருடம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள விழுது கிளறுவார். குழுவின் ஒலிபெருக்கிகளில் இன்றைக்கும் சுட்ட மிளகாய் வாசனை அடிக்கும். மகளைத் தடுத்ததே இல்லை. அவள் கச்சேரிக்குப் போனதும் இல்லை.

“ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்” என்று வேலியோரம் கேட்டிருக்கிறேன்.

“எதுக்கு எழுத்தாளரே? நான் கேக்காத பாட்டா? இந்தத் தெரு நாய்க்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

போன குளிர்காலத்தில் ஆலையில் அவர் வேலை செய்த பிரிவை மூடினார்கள். அதைப் பற்றி அவர் வீட்டிலும் பேசவில்லை, வேலியிலும் பேசவில்லை. ஆனால் காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டைப் பையில் காதுக்கு வைக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சுத் தக்கைகளைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். போக இடமிருக்காது. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். பில்லி இதைத் தன் அறைச் சன்னலிலிருந்து பார்த்தாள். ஆறாவது பாட்டை அப்போதுதான் எழுதினாள். யாரைப் பற்றிய பாட்டு என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

4

இந்த இசைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் முக்கியமான வரி வரும்போது பாடகர் மட்டும் பாடினால் போதாது, கூட்டமே சேர்ந்து கத்த வேண்டும். அதற்காக இசைத்தட்டுப் பதிவாகும்போது ஒருநாள் நண்பர், உறவு, தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்திவிடுவார்கள். கூலி, பீட்சாவும் பீரும். பழைய சாரணர் கூடம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருக்கும் நெரிடா என்ற பெண்மணியின் இடத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம் அது நடந்தது.

பில்லியின் கார் அன்றைக்குக் கிளம்ப மறுத்தது. (ஆமாம், வசதியாகத்தான் இருக்கிறது. இதை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆனால் அந்தக் கார் மாதம் ஒரு தடவை இப்படிச் செய்யும், நானே தள்ளியிருக்கிறேன்.) ஸ்டோயான் தன் வண்டியில் அவளையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெரிய தட்டை என்னிடம் நீட்டினார். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சுட்ட பூரெக், இன்னும் சூடாக இருந்தது.

“சும்மா வாங்கித் தின்னுற பசங்க. கடைப் பீட்சாவத் தின்னுட்டு என்னத்தக் கத்துவாங்க?”

இறக்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தார். நெரிடா விடவில்லை.

“எல்லாம் கீச்சுக் குரலா வந்திருக்கு. கனமான ஆம்பளக் குரலே இல்ல. வாங்க சார் உள்ள.”

“எனக்குப் பாட வராதும்மா.”

“யாருக்குமே வராது. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கு” என்றான் தவிட்டா. குழுவின் டிரம்ஸ்காரன், சமோவாப் பையன், கதவளவு இருப்பான். அவன் தோளில் கை போட்டால் யாராலும் வெளியே போக முடியாது.

எல்லாருக்கும் பாட்டைக் கேட்கக் காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். பில்லி நடுவில் நின்று சொன்னாள்: “மூணு தடவை. மூணாவது முடிஞ்சதும் எல்லாம் நின்னுடும். யாரும் மூச்சுக்கூட விடாதீங்க. ஒரு கணம் முழு அமைதி. அப்புறம் டிரம்ஸ் இறங்கும்.”

வரி இதுதான்: இன்னும் இங்கேதான் இருக்கோம்.

ஸ்டோயான் என் பக்கத்தில் நின்றார். அவர் செய்ததை நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. பில்லி பேச வாயெடுத்தபோதே சட்டைப் பையிலிருந்து பஞ்சுத் தக்கைகளை எடுத்து, விரலில் உருட்டி, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கருவியை மாட்டினார். சத்தமான இடத்துக்குள் தக்கை இல்லாமல் கால் வைப்பது அவர்கள் ஆலையில் பெரிய குற்றம். கைக்கு அது தெரியும், அவரைக் கேட்டுக்கொண்டு செய்யாது. ஆகவே அவருக்கு இசையும் கேட்கவில்லை, பில்லி சொன்னதும் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் வாயைப் பார்த்துத்தான் கத்தினார்.

முதல் தடவை கூச்சத்தோடு கத்தினார். இரண்டாவது தடவை நன்றாகவே கத்தினார். மூன்றாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாரும் நிறுத்தினோம். அந்த முழு அமைதிக்குள் ஸ்டோயான் மட்டும், கழுத்து நரம்பு புடைக்க, நாலாவது முறை கத்தினார். இன்னும் இங்கேதான் இருக்கோம்.

5

கூடமே வெடித்துச் சிரித்தது. கேலி இல்லை, சந்தோஷம். தவிட்டா அவரைத் தூக்கியே விட்டான். “அங்கிள், பாட்டே இப்பத்தான் பாட்டாச்சு!” ஆனால் தக்கையைப் பிடுங்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தவருக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. தலையாட்டிவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். பூரெக் தட்டு காலியாகும்வரை வரவே இல்லை.

திரும்பும் வழியில் கேட்டார். மகளை அவர் “மகனே” என்றுதான் கூப்பிடுவார், அது அவர்கள் ஊர், மாசிடோனியாவின் வழக்கம். நாம் பெண் குழந்தையை “வாடா” என்று கொஞ்சுவதைப் போல.

“மகனே, அத எடுத்துடு.”

“அப்பா, அதுதான் அந்தப் பாட்டுலயே நல்ல இடம்.”

“எடுத்துடு.”

“யாரும் கேலி பண்ணலப்பா. சத்தியமா.”

“அதுக்கில்ல.” வண்டி சிக்னலில் நின்றது. எதிரே ஆலையின் புகைபோக்கிகள். “ஆலையில என் செட்டு ஆளுங்க இதக் கேப்பாங்க. இன்னும் இங்கதான் இருக்கோம்னு கத்துறேன். எங்க இருக்கேன்? நான் அங்க இல்லியே. சொல்லு, எங்க இருக்கேன்?”

நான் மடியிலிருந்த காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

[கதையை இங்கே நிறுத்தி ஒரு நன்றி சொல்ல வேண்டும். நல்ல கதைக்கு இது அழகில்லை, ஆனால் நன்றியைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தப் பிள்ளைகள் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் ‘இங்கே’, ‘இருக்கோம்’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் கத்தி. வீட்டுக்கு வந்து தொண்டைக்கு வெந்நீர் குடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. பில்லி, தவிட்டா, நெரிடா, நன்றி.]

7

நெரிடாவுக்கு அது ஒரு விரல் வேலை. அந்த இடத்தில் ஸ்டோயான் தனியாகத்தான் கத்தியிருந்தார், நறுக்கினால் போயிற்று.

இந்த இடத்துக்கு நான் வேறொரு முடிவு எழுதி வைத்திருந்தேன். பில்லி அப்பாவிடம் அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, அழிக்காமல் விடுகிறாள். இசைத்தட்டு வருகிறது. அப்பா கேட்கிறார், கண்ணீர், அணைப்பு. எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் வாசித்தபோது ஒரு திருட்டைப் பாராட்டி எழுதியிருப்பது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. பில்லி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அப்பா கண்ணை மூடியிருந்ததை அவள் எதிரே நின்று பார்த்திருந்தாள். யாருக்காக எழுதினாளோ, அவர் அந்த வரியை நம்பிக் கத்திய ஒரே தடவை அது. அதுதான் இப்போது போக வேண்டும்.

“வேணாம் பில்லி” என்றான் தவிட்டா. “நம்ம எல்லாத்தையும்விட அந்த மனுசன்தான் நல்லாக் கத்தியிருக்காரு.”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“அவர் குரல்டா அது. என்னது இல்ல.” நெரிடாவின் பக்கம் திரும்பினாள். “எடுத்துடுங்க. ஆனா அந்த இடத்தச் சுருக்க வேணாம். அவர் கத்துன நேரம் எவ்வளவோ, அவ்வளவும் அப்படியே காலியா இருக்கட்டும்.”

விமர்சகர் உருகிய மௌனம் அதுதான்.

8

இசைத்தட்டு வெளியீட்டுக் கச்சேரி ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லா வயதினரும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். வரமாட்டார் என்று பில்லி நினைத்திருந்த ஆள் வந்திருந்தார். கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து, சலவைச் சட்டை போட்டு, காதில் ஆரஞ்சுத் தக்கைகளோடு நின்றார். மேடையிலிருந்து அவரைப் பார்த்ததும் அவள் முதல் பாட்டின் முதல் வரியையே விட்டுவிட்டாள்.

ஆறாவது பாட்டு வந்தது. மூன்று முறை கூட்டம் கத்தியது. எல்லாம் நின்றது.

இந்த இசையில் இன்னொரு வழக்கம், பாடகர் மைக்கைக் கூட்டத்திடம் நீட்டுவது. பில்லி பழக்கத்தில் நீட்டிவிட்டாள். முன்வரிசையில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒரு பெண் மைக்கை வாங்கினாள், ஆனால் கத்தவில்லை. திரும்பிப் பின்னால் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் போக, எங்கே போகிறது என்று பில்லிக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கையசைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அப்பா எடுத்துடு என்றார், நானும் எடுத்தேன், இப்போது ஊரையே கூட்டி அவர்முன் நீட்டுகிறேனே. அன்றைக்குப்போல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால், இனி வரவே மாட்டார்.

மைக்கின் வயர் அவ்வளவு நீளமில்லை. அவருக்குச் சற்று முன்னால் நின்றிருந்த என் கைக்கு வந்து, ஸ்டோயானுக்கு எட்டாத தூரத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. தவிட்டா தூக்கிய குச்சிகளை இறக்கவில்லை. இசைத்தட்டில் ஒரு மூச்சு நேரம் இருந்த மௌனம் நீண்டுகொண்டே போனது.

ஸ்டோயான் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு ஒரு காதிலிருந்து தக்கையை எடுத்தார். மற்றக் காதிலிருந்தும் எடுத்தார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டினார்.

9

அடுத்த வரி என்னிடம் இருக்கிறது. எழுதியும் வைத்தேன். எழுதிய பிறகுதான், ஒரு தடவை அவரைக் கேட்காமல் அவர் குரலைப் பிடித்து வைத்தாயிற்றே என்று தோன்றி, வேலிக்குப் போனேன். ஸ்டோயான் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். இதுவரை எழுதியதையெல்லாம் சொன்னேன்.

“கார் கெட்டுப்போனதக்கூட எழுதியாச்சா? யாரு நம்புவா?”

“அது கிடக்கட்டும். அந்தச் சனிக்கிழமைய எழுதலாமா?”

அவர் ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டார். “தக்கைய எடுத்தேன்ல?”

“எடுத்தீங்க.”

“பையில போட்டேன்ல?”

“பொத்தானும் மாட்டுனீங்க.”

“அதுவரைக்கும் உங்களுது. அதுக்கப்புறம் என்னுது” என்றார். பிறகு, சுட்ட மிளகாய் ஒன்றைத் தோலுரித்து, உப்புத் தூவி, வேலிக்கு மேலாக என்னிடம் கொடுத்தார்.

ஆகவே நான் எழுதி வைத்த வரியை எடுத்துவிட்டேன். பில்லி செய்ததைப் போலவே, அது இருந்த இடத்தைச் சுருக்காமல் விட்டிருக்கிறேன். மைக்கை உங்களிடம் நீட்டுகிறேன். வயர் இதற்குமேல் வராது, நீங்கள்தான் ஓர் எட்டு முன்னால் வர வேண்டும். வரி உங்களுக்குத் தெரியும்.