சுருதி குறைந்த நாற்பத்திரண்டு செக்கன்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி போல, குண்டசாலையில் நஸீபின் பெயின்ட் கடை மேல்மாடியில், இராஜரத்தினம் குறை சொன்ன மாத்திரத்தில் ஜெயராஜின் பாட்டிலிருந்து மூன்றாவது வரி கழன்று போனது. அன்று தேங்காய் அறுபத்தைந்து ரூபாய், மழை இல்லை. கழன்று போனது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஜெயராஜ் கொப்பியைத் திறந்து பார்த்தார். இரண்டாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவே வெறும் தாள். போனில் பதிந்ததைப் போட்டால் பாட்டு அந்த இடத்தில் மூச்சுக்கூட வாங்காமல் அடுத்த வரிக்குத் தாவியது. பாடிப் பார்த்தார், வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. என்ன வரி அது என்று சுற்றியிருந்த பன்னிரண்டு பேரையும் கேட்டார், ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. "போனா போகுது சார், இப்பத்தான் பாட்டு கேக்குற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அந்த மாடியில் கூடுகிற பாட்டுச் சங்கத்தில் எவரும் பாட்டை நம்பிச் சோறு தின்கிறவர் அல்லர். ஜெயராஜ் வத்தேகம பஸ் ஓட்டுகிறவர், கிட்டார் வாசிப்பார். வடிவம்மா கம்பளையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் நீட்டி ஒரு ஹம்மிங் போடாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இராஜரத்தினம் 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த நில அளவையாளர், வயலின் வாசிப்பார். மாதம் ஒரு தரம் ஆளுக்கொரு புதுப் பாட்டு. வென்றவருக்கு ஒரு வெள்ளி நிறக் கேத்தல். அதை ஒரு மாதம் வீட்டில் வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். விதிகள் இரண்டே இரண்டு. பாட்டை முன்கூட்டியே நஸீபுக்கு அனுப்ப வேண்டும். முகத்துக்காக யாரும் பேசிவிடக்கூடாது என்று அவர் பெயரை மறைத்து நம்பர் மட்டும் சொல்லிப் போடுவார். மற்றது, எல்லாப் பாட்டுக்கும் கருத்துச் சொல்லாதவருக்கு வாக்கு இல்லை. பாவம், எல்லோரும் நல்ல மனிதர்கள். ஒன்றாம் நம்பர் நல்லா இருக்கு, இரண்டாம் நம்பரும் நல்லா இருக்கு என்று சொல்லிச் சொல்லியே முதல் இரண்டு வருஷம் ஓடியது. மெய்யைச் சொல்லத் தெரிந்தவர் இராஜரத்தினம் ஒருவர்தான்.

வரி கழன்ற செய்தி பரவியதும் சங்கம் கலையவில்லை, இன்னும் சூடு பிடித்தது. இராஜரத்தினம் நீளம் என்றால் நீளம் போனது, தாளம் பிசகு என்றால் பிசகிய இடம் போனது. "ஒங்கட காது காதில்ல மாஸ்டர், தராசு," என்றார் நஸீப். கொரோனா ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் குறை சொன்னார், அப்போதும் பிசகாமல் கழன்றது. 2021 ஜூலையில் ஜெயராஜின் பாட்டு ஒன்று குறைந்து குறைந்து கடைசியில் 'வத்தேகம' என்ற ஒரே சொல்லாக நின்றது. அந்த மாதம் கேத்தல் அவருக்கே கிடைத்தது. பெற்றோல் வரிசைக் காலத்தில் எட்டுப் பேர் நடந்தே வந்தார்கள். வடிவம்மாவின் ஹம்மிங்குகள் மட்டும் முப்பதுக்கு மேல் போயிருக்கும். அவர் ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை, அடுத்த மாதம் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவார்.

கழன்றவை எங்கே போயின என்பது இராஜரத்தினத்துக்கு மட்டும் தெரியும். அவை அவருடைய இடது காதுக்குள் இருந்தன. முதல் நாள் பஸ்ஸில் வீடு திரும்பும்போதே ஜெயராஜின் மூன்றாவது வரி உள்ளே கேட்டது. ஒரு தரம் ஜெயராஜ் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று அதை அவருக்குப் பாடியும் காட்டினார். ஜெயராஜ் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, "இது நான் எழுதுனதே இல்ல சார், யாரோடதோ," என்றார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க முயலவில்லை. ஆறு வருஷத்தில் நானூற்றுச் சொச்சம் குறைகள் சேர்ந்து, காலைநேரக் கண்டி பஸ் நிலையம் மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் கூவிக்கொண்டிருந்தன. பென்ஷன்காரருக்கு வருகிற வருத்தங்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்.

2023 ஓகஸ்டில் அவருடைய மனைவி கமலாசனி மூன்று நாள் காய்ச்சலில் இறந்தார். செத்தவீடு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, இராஜரத்தினம் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைச் சொல்லவில்லை, சேலை வைத்த அலுமாரியைத் திறக்கவில்லை, படத்துக்கு மாலை போட்டபோது ஆணி சரிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஒரே மகள் மதனி, பல் வைத்தியர் ஒருவரிடம் நோயாளர் வரும் நேரம் குறிக்கிற வேலை. தாயை இழந்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் தாயைப் பற்றிக் கதைக்க ஒரு சீவனும் இல்லாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

அவளுடைய போனில் தாயின் குரல் செய்திகள் ஒன்பது இருந்தன. எட்டில் கறிவேப்பிலை வாங்கிவா, காஸ் முடியப்போகுது என்ற கதைதான். ஒன்பதாவது கை தவறி வந்தது. சமையலறையில் தேங்காய் திருவிக்கொண்டே கமலாசனி பொத்தானை அழுத்தியிருக்கிறார் போல. நாற்பத்திரண்டு செக்கனுக்குத் திருவலையின் கரகரப்பு, அதன்மேல் சொல் இல்லாத ஒரு முணுமுணுப்பு. அவவுடைய சொந்த மெட்டு, வேறு எங்கும் கேட்டறியாதது. மதனி அதை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் நாலு வரி எழுதி, வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தியைப் பாடவைத்து, 2025 பெப்ரவரிப் போட்டிக்கு நஸீபுக்கு இரகசியமாக அனுப்பினாள். கேத்தல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த இடம் வரும்போது அப்பா நிமிர்ந்து, இது கமலாசனியெல்லோ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அன்று தகப்பனை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிற சாட்டில் அவளும் மாடிக்கு ஏறி, படிக்கட்டுப் பக்கக் கதிரையில் இருந்தாள். நஸீப் ஐந்தாம் நம்பர் என்று சொல்லிப் பாட்டைப் போட்டார். அவள் பாட்டைக் கேட்கவில்லை, தகப்பனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு வந்தது. பிடரி அசையவில்லை. முடிந்ததும் இராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுகள் பழுதில்லை. பின்னாலை ஏதோ கரகரவெண்டு ஒரு சத்தம் கேக்குது, அது புதுசாய் இருக்கு, கட்டாயம் வைச்சிருக்க வேணும். ஆனால் நடுவிலை வாற ஹம்மிங், அது சுருதி கொஞ்சம் குறையுது. ஆரோ தன்பாட்டுக்கு முணுமுணுக்கிற மாதிரிக் கிடக்கு. அது தேவையில்லை."

நஸீப் மறுபடி போட்டார். நாற்பத்திரண்டு செக்கனும் திருவலை மட்டும் கரகரத்தது. எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. வடிவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்பத்தான் மனசுல தைக்குது என்றார். ஒன்பது வாக்கு. நஸீப் பெயரை வாசித்ததும் இராஜரத்தினம் எழும்பி நின்று, திரும்பி, மகளைப் பார்த்துச் சிரித்தார். மனைவி செத்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தரம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அதை அவரிடம் சொல்வதற்கு மதனிக்கு நெஞ்சு வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, பெற்ற தாயல்லவா.

"அப்பா, அது அம்மா."

"எது பிள்ளை?"

"நீங்கள் எடுத்தது."

அவர் மகள் வென்ற கேத்தலைக் கீழே வைத்தார். அவளுடைய போனை வாங்கி அந்த ஒன்பதாவது செய்தியைக் காதில் வைத்தார், கரகரப்பு மட்டும் கேட்டது. "எப்பிடி இருந்தது? ஒருக்காப் பாடிக் காட்டு," என்றார். மதனி வாயைத் திறந்தாள். எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்து கேட்ட மெட்டு, ஒன்றும் வரவில்லை. இருந்தது என்று தெரிந்தது, எப்படி இருந்தது என்று தெரியவில்லை. இருவரும் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டில் வைத்து அவள் மிச்சத்தையும் சொன்னாள். 1991இல், கலியாணமாகி இரண்டாம் கிழமை, கட்டுக்கலை வாடகை அறையில், கமலாசனி தானே கட்டிய ஒரு பாட்டைப் புருஷனுக்கு முன்னால் பாடியிருக்கிறார். இராஜரத்தினம் முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லாய் இருக்கு, சுருதிதான் கொஞ்சம் குறையுது என்றாராம். மறுநாள் விடிய அவவுக்கு அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் ஞாபகமில்லை, மெட்டு மட்டும் மிஞ்சியது. அதைத்தான் முப்பத்திரண்டு வருஷமாக, தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு, அவர் காதில் விழாமல் சமையலறையில் முணுமுணுத்தா. மகளுக்கு இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாவாம். அந்தக் கிழமை காது இரைகிறது என்று தான் எண்ணெய் காய்ச்சி விட்டது இராஜரத்தினத்துக்கு ஞாபகம் வந்தது. ஆகவே இந்த விஷயம் 2019இல் தொடங்கியது என்று எழுதி வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து அவர் செய்யாததில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் எழும்பி நின்று, பெப்ரவரி ஐந்தாம் நம்பரின் ஹம்மிங் மிக நன்றாக இருந்தது, தன்னுடைய கருத்து பிழை என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். நஸீப் பாட்டைப் போட்டார், திருவலை கரகரத்தது. அதையே பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். குறைக்கு இருந்த பலம் புகழ்ச்சிக்கு இல்லை. "விடுங்க சார், எங்க பாட்டுல நூறு கழண்டுச்சு, நாங்க என்ன செத்தா போனோம்," என்று ஜெயராஜ் ஆறுதல் சொல்ல வந்து, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மெட்டு இருந்த இடம் ஒன்றுதான், அவருடைய இடது காது. அங்கேதான் அது இருக்க வேண்டும். அவர் வயலுக்குக் கட்டை போட்டு அளக்கிற மாதிரி உட்கார்ந்து எண்ணினார். மொத்தம் நானூற்றுப் பதினேழு. சொல் உள்ளவற்றைக் கழித்து, ஆண்குரலைக் கழித்து, பெண்குரலில் சொல் இல்லாத முணுமுணுப்பு அறுபத்து மூன்று என்று பிரித்து, நம்பர் போட்டு, ஸ்வரத்தோடு ஒரு கொப்பியில் எழுதினார். அதற்கு மேல் நகர முடியவில்லை. சுருதி குறைந்ததை வைத்துத் தேடலாம் என்றால், அந்த அறுபத்து மூன்றும் சுருதி குறைந்ததுதான். குரலை வைத்துத் தேடலாம் என்றால், தன் மனைவி முணுமுணுக்கும் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கால் அங்குலம் பிசகினால் கண்டுபிடிக்கிற மனிதர், முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குள் முகத்தை வைத்துக் குழந்தைப்பிள்ளை போல அழுதார்.

பிறகு காலையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஏழு பத்துக்கு வேலைக்குப் போகுமுன் மதனி தேங்காய் திருவுவாள். அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கொப்பியைப் பார்த்து, திருவலைச் சத்தத்தோடு சேருகிறதா என்று ஒன்றை முணுமுணுப்பார். "இதுவோ பிள்ளை?" "தெரியாதப்பா." "இது?" "தெரியேல்லையப்பா." ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. அறுபத்து மூன்றும் முடிந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியபோது ஒரு நாளைக்குப் பாதித் தேங்காய், ஒரு முணுமுணுப்பு என்றானது.

நவம்பரில் ஒரு நாள் அவர் இருபத்தொன்பதாம் நம்பரை முணுமுணுத்தார். மதனிக்குக் களைப்போ, இரக்கமோ, "ஓமப்பா, இதுதான்," என்றாள். அவர் முகம் விரிந்ததைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு கணம் அது மெய்யாக இருக்கலாம் என்று பட்டது. அவர் அதை மறுபடி முணுமுணுத்தார். முற்றத்தில் நின்று முணுமுணுத்தார், குளித்துக்கொண்டு முணுமுணுத்தார், மூன்று நாளாகப் படத்துக்கு முன்னால் நின்று, "கமலாசனி, கேட்டியே?" என்று பெயர் சொல்லிக் கதைத்தார். மதனி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். நாலாம் நாள் காலை, தேங்காய் திருவுகிற சத்தத்தோடு அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், ஒரு இடத்தில் நின்று, புருவத்தைச் சுருக்கி, தன்னை அறியாமல், "எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு, சுருதிதான் கொஞ்சம் குறையுது," என்றார்.

திருவலை நின்றது. அவர் இடது காதைத் தொட்டார். உள்ளே கொஞ்சம் இடம் காலியானது போல இருந்தது, வேறொன்றும் இல்லை. கொப்பியைத் திறந்தார், இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவே வெறும் தாள். "என்னப்பா அது?" என்றாள் மதனி. தனக்கும் தெரியாது என்று அவர் தலையாட்டினார். அது அவவுடையதுதானா, வடிவம்மாவின் முப்பதில் ஒன்றா என்று சொல்ல இனி உலகத்தில் ஆள் இல்லை. அவள் மிச்சப் பாதியையும் எடுத்துத் திருவத் தொடங்கினாள்.

இப்போது அறுபத்திரண்டு இருக்கிறது. இராஜரத்தினம் மாதக் கூட்டத்துக்கு இன்னும் போகிறார், எல்லா நம்பரும் நல்லா இருக்கு என்கிறார், பாட்டுகள் பழையபடி நீளமாகிவிட்டன, யாரும் குறைப்படவில்லை. காலையில் கதிரையைப் போட்டு முப்பதாம் நம்பரைத் தொடங்குகிறார். மதனி ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. திருவி முடிந்ததும் கோப்பையைக் காட்டி, சம்பலுக்கு இவ்வளவு காணுமோ என்று கேட்கிறாள். காணும் பிள்ளை, நல்லாய் இருக்கு என்கிறார் அவர்.