வண்டியிலேயே கழற்றிய ஷூக்கள்

ஷூவை வண்டியிலேயே கழற்றிவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும் என்பது அவர்களுடைய மனநல உதவிக் குழுவின் வழக்கம். டெல்லியின் ஜனவரியில் அது லேசான காரியமல்ல. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் படிகள் பாதத்தைச் சுட்டன, அவ்வளவு குளிர். ஜெயசீலன் முன்னால் ஏறினான். பின்னால் மனநல நர்ஸ் மது. தடி இல்லை, காக்கி இல்லை. மதுவின் தோளில் ஒரு மருந்துப் பை மட்டும்.

கீழே போலீஸ் ஜீப்பும் நின்றது. அதைக் கூப்பிட்டது எதிர்வீட்டுக்காரர். இவர்களைக் கூப்பிட்டது மாடி வீட்டுப் பெண் வைஷ்ணவி. இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

"உஸ்கே ஹாத் மே ஹதியார் ஹை," என்று ஹெட் கான்ஸ்டபிள் தடுத்துப் பார்த்தார். வைஷ்ணவியின் அம்மா கையில் ஆயுதம் இருக்கிறதாம். நீங்கள் வெறுங்கையோடா போகிறீர்கள் என்பதுபோல இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"தோடா டைம் தீஜியே பையா," என்று கொஞ்சம் நேரம் கேட்டாள் மது.

"ஜல்தி," என்று அவசரப்படுத்திவிட்டு ஒதுங்கினார்.

கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அவன் மனைவி லதாவுக்காக அன்று வந்த போலீஸ்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஜெயசீலனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அவன் ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்தான். பூட்ஸ் சத்தம் மாடியேறி வர வர லதா பின்னால் நகர்ந்தாளாம். பின்னால் பால்கனி.

கதவைத் திறந்த வைஷ்ணவி காலேஜ் ஸ்வெட்டரைக்கூட மாற்றவில்லை.

"அம்மா தூங்கவே இல்ல அங்கிள். யாரோ அவளை எடுத்துட்டுப் போக வர்றாங்களாம். அப்பா டூர்ல இருக்கார்."

அம்மா அருக்காணி சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மார்போடு அணைத்த அரிவாள்மணை. வெட்டும் பக்கம் வெளியே.

ஜெயசீலன் சமையலறை நிலையைத் தாண்டவில்லை. வெளியே, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மது அவனுக்குப் பின்னால், வாசலுக்குப் போகும் வழியை மறைக்காமல் உட்கார்ந்தாள். நிற்கிறவன் பிடிக்க வந்தவன் மாதிரி இருப்பான், உட்கார்ந்தவன் பந்திக்கு வந்தவன் மாதிரி இருப்பான் என்று அவள் சொல்வதுண்டு.

"ஆருடா நீ?"

"ஜெயசீலன்க்கா. வைஷ்ணவி கூப்பிட்டா, வந்தோம். உங்களைத் தொட மாட்டோம். உங்களைக் கேக்காம எழுந்திரிக்கவும் மாட்டோம்."

"பொய்யி. கீழ வண்டி நிக்குது. என்ற கண்ணால பாத்தேன்."

"ஆமாக்கா, போலீஸ் வண்டிதான். மேல வர வேண்டாம்னு சொல்லியிருக்கோம்."

அருக்காணி அவன் பாதங்களைப் பார்த்தாள்.

"இந்தக் குளுருல செருப்பில்லாம ஏனுங் வந்தீங்கொ?"

"சத்தம் கேட்டா பயப்படுவீங்கன்னு."

"உனக்கெப்படித் தெரியும்?"

சொந்தக் கதையைச் சொல்லாதே என்பது பயிற்சியில் சொன்னது. அவன் மதுவைத் திரும்பிப் பார்த்தான்.

"என் சம்சாரம் பயந்தா."

"இப்ப எங்க அவ?"

"இல்லக்கா."

அருக்காணி வாயைத் திறந்தாள். அப்போது படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஜல்தி என்றவரின் பொறுமை தீர்ந்துவிட்டது. அரிவாள்மணை மேலே உயர்ந்தது. அவள் கண்கள் ஜன்னலுக்குப் போயின.

ஜெயசீலனின் உடம்பு முழுக்க எழுந்திருக்கச் சொன்னது. ஓடிப்போய்க் கதவைச் சாத்து, அந்த ஆளைத் தள்ளு, எதையாவது செய். அவளைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தான். முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வைஷ்ணவி," என்றான், குரலை உயர்த்தாமல். "நீ போய் அவர்கிட்ட சொல்லு."

அவள் வாசலுக்குப் போனாள். "அங்கிள்ஜி! ஜூத்தே! ப்ளீஸ், ஜூத்தே உதாரியே!" என்று படியைப் பார்த்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சுவது கேட்டது.

சத்தம் நின்றது.

"நின்னு போச்சு," என்றாள் அருக்காணி.

"நின்னு போச்சுக்கா."

"திருப்பி வருமா?"

"தெரியாதுக்கா. வந்தாலும் நாங்க இங்கேயேதான் இருப்போம்."

தூக்கிய அரிவாள்மணை கொஞ்சம் தாழ்ந்தது. இரும்பின் கனம்.

"கை கடுக்கும்க்கா," என்றான். "மணையைப் படுக்க வச்சிருங்க."

வெட்டி முடித்ததும் அரிவாள்மணையைப் படுக்கப் போடாத வீட்டை அவன் பார்த்ததில்லை. யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது. அருக்காணி குனிந்தாள். அதைச் சாய்த்து, வெட்டும் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்தாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து, அழாமல், முகத்தை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"தூங்கோணும்," என்றாள் உள்ளேயிருந்து. "ஆஸ்பத்திரின்னா அந்த வண்டில ஏற மாட்டேன்."

"எங்க வண்டிதான்க்கா," என்றாள் மது. "வைஷ்ணவியும் கூட வருவா."

பாதிப் படியில் ஹெட் கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றியாகிவிட்டது. இன்னொன்று முடிச்சு விழுந்து அவிழவில்லை. அருக்காணி மகளின் கையைப் பிடித்து இறங்கி வர, அவர் காலை மடக்கி வழிவிட்டார்.

"ஹதியார்?" என்று மதுவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"சப்ஜி காட்னே கா ஹை," என்றாள் மது. காய் நறுக்குவதுதான், வீட்டிலேயே இருக்கிறது என்று மேலே கை காட்டினாள்.

வண்டியின் பின் சீட்டில் அருக்காணி மகள் தோளில் சாய்ந்தாள். ஜெயசீலன் திறந்த கதவருகே நின்று ஷூவுக்குள் காலை விட்டான். குளிரில் பாதம் மரத்திருந்தது. விரல்களும் லேஸுக்கு வளையவில்லை.

"மொதல்ல செருப்பைத் தொடுங்கொ, தம்பி," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். அவள் ஊரில் செருப்பைத் தொடுவது என்றால் காலில் மாட்டுவது.

"தொட்டாச்சுக்கா."

லேஸை அப்படியே விட்டுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.