எண்ணெய் குடிக்காத ரம்பம்

வாசலில் சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றினால்தான் மனைவியின் கார் வெளியேற முடியும். மருத்துவமனையில் அவளுடைய பணிநேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் சங்கிலி ரம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சங்கிலி சூடேறிப் புகைந்தது.

"சங்கிலிக்கு எண்ணெய் இருக்குதாங்க?" என்றாள்.

"வாங்கின அன்னைக்கு ஊத்தினது, ஒரு சொட்டுகூடக் குறையல. என் ரம்பம் அவ்வளவு சிக்கனம்!" என்றார் அவர் பெருமை பொங்க.

"வாயே திறக்காம கிடந்தா அதுக்குப் பேரு சிக்கனமா? எங்க வார்டுல ஒருத்தர் அப்படிக் கிடந்தா உடனே டாக்டரைக் கூப்பிடுவோம்."

அவருக்குச் சுருக்கென்றது. இயந்திரத்தை அணைத்து, சங்கிலியையும் அது ஓடும் தகட்டையும் கழற்றினார். எண்ணெய் வரவேண்டிய துளையை மரத்தூள் களிபோல் அடைத்திருந்தது. அவள் உருவிக் கொடுத்த கொண்டை ஊசியால் துளையையும் தகட்டின் பள்ளத்தையும் சுரண்டினார். மீண்டும் பூட்டி, ரம்பத்தின் நுனியை ஓர் அட்டைக்கு நேராகப் பிடித்து முடுக்கியதும், அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு தெறித்து விழுந்தது.

சற்று நேரத்தில் மரம் துண்டுகளாகி ஓரம் போயிற்று. கார் கடக்கையில் அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

"எண்ணெய்தான்," என்றார் அவர், வேறெங்கோ பார்த்தபடி. "பெரிய டப்பாவா வாங்கிக்கோ."