ஊதித் தள்ளப்பட்ட காவல் பூச்சிகள்

மே இருபத்தெட்டு, புதன்கிழமை. நான் முப்பத்தோராண்டு தமிழ்ப் பாடம் நடத்திய பள்ளியின் மாடி வகுப்பறைக்குக் கறையானற்றது எனச் சான்று வழங்கியிருக்கிறார்கள். அது பொய். என் பேத்தி உட்பட நாற்பது குழந்தைகள் திங்களன்று அங்கே அமரவிருக்கிறார்கள்.

மருந்தடித்தவர் ‘மாதிரி’ என்று பள்ளியில் கொடுத்திருந்த குப்பியை மருமகளிடம் காட்டினேன். பூச்சிகளை வகைபிரிப்பது அவள் தொழில். உருப்பெருக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

“மாமா, இது அத்தனையும் வேலைக்காரப் பூச்சி. எந்த வகையா இருந்தாலும் இதுங்க ஒரே மாதிரிதான் இருக்கும். தலை பெருத்த காவல் பூச்சி ஒண்ணாவது வேணும். அதோட தலையைப் பார்த்துத்தான் வகை சொல்ல முடியும். அது எங்கே?”

மருந்தடித்தவரைப் பள்ளி வாசலிலேயே பிடித்து, குப்பியில் காவல் பூச்சி ஏன் இல்லை, இது எந்த வகை என்று கேட்டேன்.

“அதுங்க கடிக்குது சார். ஊதித் தள்ளிட்டு, சாதுவா இருந்ததைப் பொறுக்கினேன்.” சிரித்தார். “கறையான்ல என்ன சார் சைவம், அசைவம்? தரையைத் துளைச்சு மருந்து ஊத்தியாச்சு. நிம்மதியாப் போய்த் தூங்குங்க.”

ஒற்றுப்பிழையை மன்னிப்பேன், இதை மன்னியேன்.

மருமகளை மாடிக்கு அழைத்துச் சென்றேன். குழாய் ஒழுகி நனைந்திருந்த வடக்குச் சுவரில், சன்னல் சட்டத்தின் வண்ணப்பூச்சை அவள் நகத்தால் கீறினாள். மரம் காகிதம்போல் உள்வாங்கியது. துளையிலிருந்து காவல் பூச்சிகள் பொங்கின. நீர்த்துளி வடிவத் தலை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பால்போல ஒரு சொட்டு.

அவள் கையை உதறவில்லை. கடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சதுரத் தலை வகையா இருந்தா ஈரம் தேடி மண்ணுக்கு இறங்கும், தரை மருந்துல சாகும். இது அது இல்ல மாமா. சுவர்ல ஈரம் கிடைச்சா சுவருக்குள்ளயே கூடு கட்டிக்கும். கீழ வரவே வேண்டாம்.”

சுவரில் காதை வைத்தேன். உள்ளிருந்து நுண்ணிய தட்டல், ஒன்றன்று, ஆயிரம். காவல் பூச்சிகள் தலையை மோதி மற்றவற்றை எச்சரிக்கின்றனவாம். அண்ணாந்து பார்த்தேன். கூரையைத் தாங்கும் மர உத்தரம் அதே சுவரில்தான் பதிந்திருக்கிறது.

தலைமையாசிரியர் கோப்பைத் தட்டிக் காட்டினார். “சான்று இருக்கு சார். எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?”

அச்சான்றில் ‘பூச்சியின் வகை’ என்னும் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

பெற்றோரே, திங்களன்று உங்கள் குழந்தையை அந்த மாடிக்கு அனுப்பாதீர்கள். அதற்குமுன் நீங்களே ஏறிச் சென்று, வடக்குச் சுவரில் காதை வையுங்கள்.