மைனஸ் ஒன்று

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை பல் தேய்த்தேன். பால் வாங்கிக் காய்ச்சினேன். டீ குடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஏழரைக்கு போனில் ஒரு படம் வந்தது. என் மாமனார் பிலவேந்திரன் அனுப்பியிருந்தார். மறுநாள் என் மனைவி பவுலினுக்கு முப்பதாம் நாள் பூசை. மாதா கோவில் வாசலில் வைக்கப்போகும் ஃபிளெக்ஸ்.

அதிலிருந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ரோஸ் நிற முகம். மூக்கோரத்து அம்மைத் தழும்பு இல்லை. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பின்னால் மேகம், இரண்டு புறா. கீழே, 'அவள் கடைசியாகச் சொன்னது: இயேசுவே, என்னை ஏற்றுக்கொள்ளும்.' அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அப்போது அவள் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான்.

நான் கொடுத்தனுப்பிய படம் வேறு. வெள்ளிமலையில் அவளே தன்னை எடுத்துக்கொண்டது. கேமராவைப் பாறைமேல் வைத்து, டைமரை அழுத்திவிட்டு, ஓடிவந்து உட்கார்ந்தாள். அதற்கு முன் வெளிச்ச அளவை மைனஸ் ஒன்றில் வைத்தாள். எதிரில் இருப்பது என்னவென்று கேமராவுக்குத் தெரியாது. எதை அளந்தாலும் நடுவாந்திரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சேலையை அழுக்காக்கும். கருத்த முகம் படம் முழுக்க நிறைந்தால், இருட்டு என்று நினைத்து வெளுக்கும். அதனால் வெள்ளைக்குக் கூட்ட வேண்டும், கருப்புக்குக் குறைக்க வேண்டும். இது தலைகீழ் இல்லை என்று எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. நான் இயற்பியல் படித்தவன். பவுலின் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். அன்று சாமை அறுத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண்ணையும் அப்படித்தான் எடுத்தாள். திரையைக் காட்டியதும் அந்தம்மா சிரித்தார். "இதான் நானு. ஆதாருல இருக்கிறவ யாரோ."

ஃபிளெக்ஸ் செய்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அரங்கநாதனின் ஸ்டுடியோ. நான் போனபோது மாமா அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் குடுத்தத போடுங்க" என்றேன்.

"அது டல்லடிக்குது தம்பி" என்றார் அரங்கநாதன். "ஃபிளெக்ஸ்ல இன்னும் இருட்டா வுழும்."

"இருட்டு இல்ல. அவ கலரு."

மாமா நிமிர்ந்தார். "நாலு பேரு பாக்கறது மாப்ள. செத்தும் எம்பொண்ணு கருப்பின்னு பேரு வாங்கணுமா?"

"உசுரோட இருக்கசொல்ல நீங்கதான மாமா அப்டி கூப்டீங்க?"

"அது செல்லத்துக்கு."

மேசையில் ஓங்கிக் குத்தினேன். மவுஸ் கீழே விழுந்து வயரில் தொங்கியது. அரங்கநாதன் அதை எடுத்துத் துடைத்தார்.

"எங்கிட்ட ஏன் எகிர்ற தம்பி? பொண்ணு பாக்க உங்க வூட்டுக்கு அனுப்புன படமும் நான் பண்ணதுதான். அத பாத்துட்டுதான வந்த? கலர கம்மியா வுட்டிருந்தா வந்திருப்பியா?"

அவர் பல்லை உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை. அவர் சொன்னது சரி. அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் பெண் பார்க்கப் போனேன். காபித் தட்டோடு அவள் வந்ததும் அதை எடுத்து ஒருமுறை பார்த்தேன். ஒரு நொடிதான். அவள் கவனித்துவிட்டாள். கல்யாணமான இரண்டாம் மாதம் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"மாத்துங்க" என்றேன். "இல்லன்னா நாளைக்கு நானே கிழிப்பேன்."

"சாமியார் முன்னாடியா?" என்றார் மாமா.

"ஆமா."

அரங்கநாதன் மாமாவைப் பார்த்தார். பிறகு என் படத்தைத் திறந்தார். திரை முழுக்கப் பவுலின். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காத வாய். மாமா டீ கிளாஸைக் கீழே வைக்காமல் வெகுநேரம் பார்த்தார்.

"அந்தத் தழும்பு அஞ்சு வயசுல வந்தது" என்றார்.

அரங்கநாதன் மேகத்தையும் புறாக்களையும் அழித்தார். "கீழ எழுதனத இன்னா பண்றது? அப்டியே வுட்ரவா?"

"வுட்டுடு. அவங்கம்மா ஊரு பூரா அதத்தான் சொல்லிக்கினு இருக்குறா" என்ற மாமா, என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நெசமா இன்னாதான் மாப்ள சொன்னா?"

முப்பது நாளில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. காய்ச்சலின் எட்டாம் நாள். ஜன்னலோரக் கட்டில். அவள் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று போனோடு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பத்து மணி வெயில். என் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்து எரிச்சலோடு பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

"வெளிச்சத்த மறைச்சிக்கினு நிக்கிற பாரு. தள்ளு."